ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

“ஊதுங்கோ, ஊதுங்கோ, ஊதுங்கோ. நிப்பாட்டாதேங்கோ. இன்னும், இன்னும்…”

டொக்டர் சரிபுதீன் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார். ஊதுவது தான்தான் என்பதுபோல அவருடைய கழுத்து நரம்புகளும் புடைத்திருந்தன. பிரான்சிஸ்கா மூக்கில் கவ்வி போட்டு, மட்டைக் குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்திருந்தாள். நெஞ்சிலிருந்த காற்று முதல் தள்ளலோடு நின்றுவிட்டது. மிச்சக் காற்று உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அது வெளியே வர மறுத்தது. கண் இருண்டது. கவ்வியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

மன்னார் நகரத்தில் ஒரு மண்டபத்தின் மூலையைத் திரையால் மறைத்து அந்த மூச்சு அளக்கும் மெசினை வைத்திருந்தார்கள். சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த வருசங்களில் எத்தனையோ பேர் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வந்தார்கள். கண்ணிவெடி எடுக்கிறவர்கள், கிணறு கட்டித் தருகிறவர்கள், கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர்கள். இவர்கள் காசநோய் வந்து சுகமானவர்களின் நெஞ்சைப் பார்க்க வந்தவர்கள். சரிபுதீன் இந்தத் தீவில் பிறந்தவர்தான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைத் துரத்தியபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளை. புத்தளத்து முகாமில் படித்து டொக்டராகித் திரும்பியிருந்தார். எங்களைத் துரத்தின ஊர் என்று அவர் முகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது பிரான்சிஸ்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மெசினின் திரையில் விழுந்த கோட்டை அவர் நெடுநேரம் பார்த்தார்.

“எத்தினை வயசு எண்டு சொன்னீங்க?”

“முப்பது.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு எந்தக் கேள்வி வரும் என்பதும் தெரியும். வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில், வெவ்வேறு டொக்டர்மார், தாதி மிஸ்ஸிமார் கேட்ட அதே கேள்வி.

“குளிசையை எல்லாம் முழுசாக் குடிச்சு முடிச்சனீங்களோ?”

“ஓம் டொக்டர். ஒண்டும் விடேல்லை.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். இனி அவர் மிஸ்ஸியைப் பார்ப்பார், மிஸ்ஸி உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் அவர், “சரி. நம்பிறன்” என்றார்.

பிரான்சிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதைப் பெரிய விசயமாகச் சொல்லவில்லை. குழாயிலிருந்து மட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டபடிதான் சொன்னார்.

“கிருமியைக் கொல்லுறது குளிசை. ஆனா கிருமி செத்த இடத்தைத் துப்புரவாக்கிறது எங்கட உடம்புதான். சிலபேற்ற உடம்பு அளவோட நிப்பாட்டும். சிலபேற்ற உடம்பு நல்ல சதையையும் சேர்த்து அரிச்சுப்போடும். பிறகு அந்த இடத்தில தழும்புதான் மிச்சம். அது ஏன் ஆளுக்காள் வித்தியாசப்படுது எண்டுதான் நாங்க தேடுறம். தாய் தகப்பனிட்ட இருந்து ரத்தத்தோட வாற ஒண்டு அதுக்குக் காரணமா இருக்கலாம்.”

“அப்ப என்ர பிழை இல்லையோ?”

“ஒழுங்காக் குளிசை குடிச்ச ஆளுக்கும் இப்பிடி வரும். அது நிச்சயம். மற்றதை இன்னும் நாங்க நிரூபிக்கேல்லை.” அவர் பேனாவை எடுத்தார். “கூடப்பிறந்த ஆருக்கும் இந்தச் சயரோக வருத்தம் வந்ததோ?”

பிரான்சிஸ்கா சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

“அக்காவுக்கு வந்தது” என்றாள். வாயை விட்டு வந்த பிறகுதான், இத்தனை வருசத்தில் அதை வேறொருவரிடம் சொல்வது இதுவே முதல் தடவை என்பது உறைத்தது.

“அவவுக்கு இப்ப மூச்சு எப்பிடி?”

“நிறைகுடத்தை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஓடி வருவா.”

இருவருக்கும் ஒரே முகாமில் ஒரே மருந்து தந்ததையும் சொன்னாள். சரிபுதீன் பேனாவைக் கீழே வைத்தார். ஒரே தாய் தகப்பன், ஒரே முகாம், ஒரே மருந்து. ஒருத்தியின் நெஞ்சு இப்படி, மற்றவளுடையது அப்படி. இப்படி ஒரு சோடியைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அக்காவும் வந்து மெசினில் ஊதி, கொஞ்சம் இரத்தமும் தந்தால் போதும். வேறு ஒருவருக்கும் பெயர் போகாது. “உங்கட நெஞ்சு இதால சுகமாகும் எண்டு நான் சொல்லேல்லை, தங்கச்சி. பொய் சொல்லக்கூடாது” என்றும் சொன்னார். பிரான்சிஸ்காவுக்கு நெஞ்சு சுகமாகவேண்டும் என்றே இல்லை. இந்த மனிசன் அக்காவுக்கு முன்னால் இருந்து, இவளில் பிழையில்லை என்று ஒருமுறை சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

சண்டைக்குப் பயந்து தீவிலிருந்து மடுக் கோவில் அகதி முகாமுக்கு ஓடிப்போயிருந்த காலத்தில், ஒரே மாரியில்தான் இரண்டு பேருக்கும் இருமல் தொடங்கியது. ஒரே தறப்பாள் கொட்டில், ஒரே பாய். முகாமுக்கு வந்த வைத்தியர்கள் சளியைச் சோதித்துவிட்டு இருவருக்கும் சிவப்புக் குளிசை கொடுத்தார்கள். அதைக் குடித்தால் மூத்திரமும் சிவப்பாகப் போகும், குடித்தவர்கள் பயந்து போவார்கள். மூத்தவள் மாக்கிறட்டுக்கு அது ஒத்துவரவில்லை. சத்தி எடுத்தாள், சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாளில் குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, தாய் திரும்பியதும் கொட்டிலுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைக்கத் தொடங்கினாள். பிரான்சிஸ்கா கண்டாள். “அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, சிஸ்கா” என்று அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரான்சிஸ்கா தன்னுடையதை ஒவ்வொன்றாக, மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

மருந்துக் காலம் முடிந்தபோது இரண்டு பேரின் சளியும் சுத்தமாக இருந்தது. மாக்கிறட்டின் கன்னத்துச் சதை ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. பிரான்சிஸ்காவின் மூச்சு திரும்பவில்லை. முன்பு தவக்காலத்தில் கோவிலில் ஆண்டவருடைய பாடுகளின் புலம்பலை அவள்தான் எடுத்துப் பாடுவாள். கோவிலின் கடைசி வாங்கில் இருக்கிற கிழவருக்கும் கேட்கும். அந்த வருசம் இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டாள். அந்த நாட்களில்தான் ஒரு பெருமழை கொட்டிலுக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கரைத்தது. சாயம் கழன்று, இரத்தம் சிந்தினதுபோல் கிடந்த குளிசைகளைத் தாய் கண்டாள். “ஆரடி இது?” என்று கத்தினாள். கிறகரியின் வீட்டார் மாக்கிறட்டைப் பெண் கேட்டு வருவதாக இருந்த கிழமை அது. மாக்கிறட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “சிஸ்காதான்” என்றாள்.

அன்றைக்குப் பிரான்சிஸ்கா வாயைத் திறக்கவில்லை. “கலியாணம் முடியட்டும், நானே அம்மாட்டைச் சொல்லுறன்” என்று அக்கா பாயில் படுத்திருந்து காதுக்குள் சொன்னதை நம்பினாள். கலியாணம் முடிந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்றாள். பிள்ளைகள் பிறந்தன. தாய் சாகக் கிடந்தபோது, அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்த சுவாமியிடம், “என்ர சின்னவளுக்காக மன்றாடுங்கோ சுவாமி, மருந்தைத் துப்பித் தன்ரை சீவியத்தைத் தானே கெடுத்தவள்” என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். கட்டிலின் தலைமாட்டில் மாக்கிறட் செபமாலை உருட்டிக்கொண்டு நின்றாள். கிறகரி வீட்டாரைப் பொறுத்தவரையில் மாக்கிறட்டுக்கு அந்த வருத்தம் வந்ததே இல்லை. முகாமில் அவள் நோயாளித் தங்கச்சியைப் பார்த்தவள், தங்கமான பிள்ளை.

இப்போது பிரான்சிஸ்கா தீவின் கரையோர ஊரான ஓலைத்தொடுவாயில், அக்கா வீட்டோடு ஒட்டி இறக்கிய பத்தியில் இருந்தாள். சமைத்தாள், பிள்ளைகளின் உடுப்பைத் தைத்தாள். அவளுக்கு என்று ஒரு கோப்பை, ஒரு பீங்கான். அவை மற்றவற்றோடு சேராமல் தனிப் பலகைத் தட்டில் இருக்கும். கடைசிப் பிள்ளை லூசியா அவளுடைய பாயில் வந்து சுருண்டுவிட்டால் மாக்கிறட் வந்து தூக்கிக்கொண்டு போவாள். “உனக்குத் தெரியும்தானே, சிஸ்கா” என்பாள். என்ன தெரியும் என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை.

டொக்டர் சொன்னதை அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னாள். மாக்கிறட் செதிலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ரத்தத்திலை இருக்கிறதாமோ?”

“இருக்கலாமாம். அதுதான் உன்ரை ரத்தமும் வேணுமாம். ஒருத்தருக்கும் தெரியவராது அக்கா. நான் அத்தானுக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

மாக்கிறட் மீனைக் கழுவினாள். இரண்டாவது தண்ணீரும் ஊற்றினாள். மூன்றாவது தண்ணீரும் ஊற்றிவிட்டு, “சரி, வாறன்” என்றாள்.

பிரான்சிஸ்காவால் நம்ப முடியவில்லை. அவ்வளவு லேசாகச் சொன்னாள். அந்தக் கிழமை முழுவதும் அக்காவுக்கு வேலை வைக்காமல் எல்லாவற்றையும் தானே செய்தாள். மூச்சு வாங்க வாங்கக் கிணற்றடிக்கும் போய்வந்தாள். அக்கா தன்னோடு பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வருவாள், திரும்பி வரும்போது ஏதாவது பேசுவாள் என்றெல்லாம் நினைத்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்றுகூட நினைக்கவில்லை. சும்மா கையைப் பிடித்தால் போதும்.

போகிற நாளன்று கிறகரியும் வெளிக்கிட்டு நின்றான். தள்ளாடி என்ற இடத்தில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடித்திருந்தது, ரோட்டில் ஆமி கூடியிருந்தது. பெண்கள் தனியப் போகக்கூடாது என்று மாக்கிறட் கூப்பிட்டிருந்தாள். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடக்க வைத்தார்கள். பஸ்ஸில் அக்காவும் அத்தானும் முன் சீட்டில் இருந்தார்கள்.

மண்டபத்தில், திரைக்குள் நுழையும்போது சரிபுதீன், “நீங்க வெளியில இருங்க அண்ணே, இது நோயாளியோட மட்டும் கதைக்கிறது” என்றார்.

“அவரும் இருக்கட்டும்” என்றாள் மாக்கிறட். “அவருக்குத் தெரியாத ஒண்டும் என்னட்டை இல்லை.”

டொக்டர் பிரான்சிஸ்காவைப் பார்த்தார். பிறகு கவனமாக, சின்ன வயதில் என்னென்ன வருத்தங்கள் வந்தன என்று பொதுவாகக் கேட்டார்.

“எனக்கு ஒண்டும் வரேல்லை டொக்டர். கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் ஒருக்கா வந்தது, அவ்வளவுதான். சயரோகம் இவளுக்குத்தான் வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி நீங்கள் கேட்டதா இவள் சொன்னாள். என்ன சொல்லிப்போட்டு வந்தவளோ தெரியாது. அதுதான் இவரையும் கூட்டிக்கொண்டு வந்தனான், நேரை சொல்லிப்போட்டுப் போவம் எண்டு.” குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. “இவள் குளிசையை மண்ணுக்கை தாட்டவள் டொக்டர். நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள். எங்கட அம்மா அந்தக் கவலையிலைதான் செத்தவ. ரத்தத்திலை எங்களுக்கு ஒரு பழுதும் இல்லை.”

கிறகரி பிரான்சிஸ்காவைத் திரும்பிப் பார்த்தான். கோபமான பார்வை அல்ல. கடலில் அறுந்த வலையைப் பார்ப்பதுபோல, இனி இதில் என்ன இருக்கிறது என்ற பார்வை. பிரான்சிஸ்கா பேச வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவளைக் குனிய வைத்தது. அடுப்படியில் வைத்து ‘வாறன்’ என்று அக்கா சொன்னது இதற்குத்தான் என்பதை அந்த இருமலுக்குள்தான் விளங்கிக்கொண்டாள். மீன் கழுவிய அந்த மூன்று தண்ணீருக்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருக்கிறாள்.

கிறகரி ஓட்டோ பிடிக்கப் போனான். மண்டபத்து வாசலில் அக்காவும் தங்கையும் தனியாக நின்றார்கள்.

“எனக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்” என்றாள் மாக்கிறட், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “நீ குளிசை துப்பினாய் எண்டால் அது உன்னோட போயிடும். ரத்தத்திலை இருக்குது எண்டால் ஆற்ரை ரத்தம்? என்ரை பிள்ளையளின்ரை ரத்தம். நாளைக்கு ஒருத்தன் கட்டுவானோ?”

“டொக்டர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார் அக்கா.”

“உந்தத் தீவிலை எது ஒளிஞ்சிருந்தது?”

“அப்ப நான்?”

மாக்கிறட் முதல் தடவையாக அவளை நேரே பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

“உனக்கு இனிப் போறதுக்கு என்னடி இருக்கு?”

ஓட்டோ வந்து நின்றது. பிரான்சிஸ்கா ஏறவில்லை; பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். சரிபுதீன் அதே கதிரையில், மாக்கிறட் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சொன்னது பொய் டொக்டர். வருத்தம் ரெண்டு பேருக்கும் வந்தது. மண்ணுக்கை தாட்டது அவதான். நான் எல்லாத்தையும் விழுங்கினனான்.” அடி அடியாக, நடுவில் மூச்செடுத்துச் சொன்னாள். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. துப்பினவள் கிணற்றடிக்கு ஓடுகிறாள், விழுங்கினவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதை வெளியில் சொன்னபோது இன்னும் அநியாயமாகத்தான் இருந்தது.

“நீங்க சொன்னதை நான் கேட்டன்” என்றார் அவர். “ஆனா அவ சம்மதிக்காம அதை நான் கணக்கில எடுக்கேலாது. உங்கட ரத்தத்தை மட்டும் எடுக்கலாம். சோடி இல்லாட்டி அதில பெரிசா ஒண்டும் தெரியவராமலும் போகலாம்.”

“பரவாயில்லை. எடுங்கோ.”

முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், முடிவு வர நாளாகும், வந்தால் தானே ஓலைத்தொடுவாய்க்கு வந்து சொல்வதாகச் சொன்னார். இது என்ரை ஊரும்தானே என்றார். சித்திரை பிறப்பதற்குள் ரோட்டில் தினமும் வெடித்தது. மண்டபத்தில் மெசின் இருந்த மூலையில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாய் விரித்தன. அவர் வரவில்லை. வர வழி இருக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலியால் எட்டிப் பார்த்தாள்.

போக வேறு இடமில்லாததால் அந்த வீட்டிலேயே இருந்தாள். அக்காவோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு ஞாயிறு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, லூசியாவின் கோப்பையை எடுத்து அதில் தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டு வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் மாக்கிறட் அந்தக் கோப்பையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே எறிந்தாள். எறிந்த கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். யாரும் பார்ப்பதாக அவள் நினைக்கவில்லை. பத்தியின் கிடுகு ஓலை இடுக்கால் பிரான்சிஸ்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று தெரிந்து சொல்கிற ஒருத்தியோடுதான் இவ்வளவு காலமும் இருக்கிறேன் என்று நினைத்திருந்தாள். மாக்கிறட் அதை எப்போதோ நம்பத் தொடங்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரையில் அந்த முகாமில் இருமியது ஒருத்திதான். குளிசையைத் தாட்டதும் ஒருத்திதான். அக்காவுக்குள் போய்த் தேடினாலும் இனி அந்தச் சிவப்பு மண் கிடைக்காது.

ஆனியில் கரையோர ஊர்கள் கோவில்களுக்குள் ஒதுங்கின. பிறகு படகுகளில் இந்தியாவுக்குப் போகத் தொடங்கின. கிறகரியும் தன்னுடைய படகில் போவதாக முடிவெடுத்தான். விடியற்காலை சாம்பல் வெளிச்சத்தில், சனம் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றது. பொதிகளை ஏற்றினார்கள். பிரான்சிஸ்கா நித்திரை முறியாத லூசியாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மாக்கிறட் கிட்ட வந்தாள்.

“அங்கை இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை டொக்டர்மார் சோதிப்பினமாம். கேட்டால், சின்னனிலை இருந்தே இழுப்பு எண்டு சொல்லு. மற்றதைச் சொல்லாதை.” பிறகு தங்கையின் நனைந்த சட்டையைப் பார்த்து, “குளிருதோ? போர்வை எடுத்து வைச்சிருக்கிறன்” என்றாள்.

அவள் படகில் ஏறிக் குனிந்து கைகளை நீட்டினாள். பிரான்சிஸ்கா இன்னும் உள்ளே நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்து வயிற்றுக்கு ஏறியது. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். பிள்ளை கழுத்தை விடாமல் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டியிருந்தது.

“ஏறு சிஸ்கா” என்றான் கிறகரி எஞ்சின் பக்கத்திலிருந்து. “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?”

“நான் வரேல்லை அத்தான்.”

“விசரோ உனக்கு? இஞ்சை ஆரோட இருக்கப்போறாய்?”

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தாள். அலை படகைத் தூக்கி இறக்கியது.

“அங்கை கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன். எனக்கும் அக்காவுக்கும் நடந்ததை, உள்ளபடி. அதுதான் வரேல்லை.”

கிறகரி ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தான். மாக்கிறட் பிள்ளையின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பியிருந்தாள். “அவள் என்ன சொல்லுறாள், மாக்கிறட்?” என்று அவன் கேட்டது பிரான்சிஸ்காவுக்குக் கேட்டது. பின்னால் நின்ற படகுக்காரர்கள் கத்தினார்கள். அவன் கயிற்றை இழுத்தான். எஞ்சின் புகைத்துக்கொண்டு பிடித்தது.

அவள் கரைக்கு வர நெடுநேரம் எடுத்தது. ஈரத் துணி காலைச் சுற்றியது. நாலு அடிக்கு ஒருமுறை நின்றாள். ஊரில் கதவுகள் திறந்தபடி கிடந்தன. இரண்டு கழுதைகள் ஒரு முற்றத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன நெல்லைத் தின்றுகொண்டிருந்தன. கவிழ்த்திருந்த வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். படகுகள் புள்ளிகளாகி, எது அக்காவின் படகு என்று பிரித்தறிய முடியாமல் போயின. எஞ்சின் சத்தம் மட்டும் மெல்லியதாக, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு, கேட்பது அதுதானா, அல்லது தன்னுடைய நெஞ்சின் இரைச்சலா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அறிந்துகொள்வதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள்.